நகரமன்ற உறுப்பினரின் வாக்குகளைக் கொண்டு அவரது அரசியல் சாய்வைச் சொல்ல முடியுமா?

நகர்வாசி எழுதியது:

எங்கள் வட்டத்தின் நகரமன்ற உறுப்பினர் அடுத்த தேர்தலிலும் போட்டியிடுகிறார். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல் என்பதால் அவர் எந்தப் பக்கத்தவர் என்று வாக்குச்சீட்டு சொல்லாது. அவரும் தம்மை 'நடைமுறைவாதி' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார். ஆகவே இந்தப் பதவிக்காலம் முழுவதற்குமான பெயர்வாரி வாக்குப் பதிவுகளை மன்றத்தின் தளத்திலிருந்து இறக்கி, ஒரே அட்டவணையாகக் கோத்துப் பார்த்தேன். சொத்துவரி உயர்வுக்கு ஆதரவு, வாடகைதாரர் பாதுகாப்புக்கு ஆதரவு, காவல்துறைக்குக் கூடுதல் ஒதுக்கீட்டுக்கும் ஆதரவு, ஆனால் தம் வட்டத்தில் கட்டப்பட இருந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு எதிர்ப்பு என்று வருகிறது.

இதே வாக்குகளை வைத்து ஒரு குழு அவருக்கு 'முற்போக்கு' என்றும், இன்னொரு குழு 'மிதமான வலது' என்றும் மதிப்பெண் அட்டை வெளியிட்டிருக்கின்றன. இருவரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே பதிவு இரண்டு முத்திரைகளுக்கு இடம் தருகிறதென்றால் அந்தப் பதிவிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்பதே என் கேள்வி.

பழைய எழுத்தர் எழுதியது:

நண்பரே, மன்றக் கூட்டங்களுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பணியில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில், தங்கள் அட்டவணையில் ஒருமனதாக நிறைவேறியவை எத்தனை என்று பாருங்கள். ஒப்பந்த நீட்டிப்பு, தெருப்பெயர் மாற்றம், தணிக்கை அறிக்கையை ஏற்றல் போன்ற வழக்கமான பொருள்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக முன்வைக்கப்பட்டு, விவாதமின்றி ஒரே வாக்கில் நிறைவேறும். பல மன்றங்களில் நிகழ்ச்சி நிரலின் பெரும்பகுதி இதுதான். இவற்றையும் சேர்த்து 'மேயருடன் இத்தனை விழுக்காடு ஒத்துப்போனார்' என்று கணக்கிட்டால், கடும் எதிர்ப்பாளர்கூட ஆதரவாளராகத் தெரிவார்.

அடுத்தது, பெயர் பதியப்படாத வாக்குகள். கைதூக்கியோ குரல் வாக்காகவோ முடிவெடுக்கும் மன்றங்களில் 'தீர்மானம் நிறைவேறியது' என்ற ஒரே வரிதான் குறிப்பில் இருக்கும். இங்கிலாந்தில் வரவு செலவுத் திட்டத்தின் மீதான வாக்கெடுப்பிலேகூட, யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார், யார் விலகினார் என்று பெயருடன் பதிவது 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகுதான் கட்டாயமானது. மற்ற பொருள்களில் பெயர்வாரி வாக்கெடுப்பு வேண்டுமென்றால் உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் எதிராளியைச் சங்கடப்படுத்தவே கேட்கிறார். ஆக, பெயர்வாரிப் பதிவு நம் கைக்கு வரும்போதே, அது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த சண்டைகளின் தொகுப்பாகத்தான் வருகிறது.

எண்கணிதன் எழுதியது:

எழுத்தர் ஐயா சொன்ன முதல் குறைக்குப் பழைய தீர்வு ஒன்று உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களை இடது முதல் வலது வரை ஓர் அளவுகோலில் நிறுத்துவதற்காக, கீத் பூல், ஹோவர்ட் ரோசந்தால் ஆகிய இருவரும் 1980களின் தொடக்கத்தில் நாமினேட் என்ற கணக்கீட்டு முறையை உருவாக்கினார்கள். யார் யாருடன் சேர்ந்து வாக்களிக்கிறார்கள் என்பதை மட்டுமே அது உள்ளீடாகக் கொள்ளும். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எல்லோரும் ஒரே பக்கம் நின்ற வாக்கு யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டுவதில்லை என்பதால், ஒருமனதானவையும் ஏறக்குறைய ஒருமனதானவையும் கணக்கில் சேர்வதில்லை.

நகரமன்றத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம்; பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் இந்த முறை கண்டுபிடித்துத் தருவது மன்றத்தின் முதன்மையான பிளவை. அந்தப் பிளவு இடது, வலது என்பதாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1983இல் ஹரால்டு வாஷிங்டன் அந்நகரின் முதல் கறுப்பின மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், ஐம்பது உறுப்பினர் கொண்ட மன்றம் 29, 21 என்று இரண்டாகப் பிளந்தது. எட்வர்டு வர்டோலியாக் தலைமையிலான, பெரும்பாலும் வெள்ளையர்களைக் கொண்ட 29 பேர் குழுக்களின் தலைமைப் பதவிகளைக் கைப்பற்றி, மேயரின் நியமனங்களை முடக்கினார்கள். மேயரின் வீட்டோவை, அதாவது மன்ற முடிவைத் தடுக்கும் அதிகாரத்தை, முறியடிக்க 34 வாக்குகள் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. நீதிமன்ற ஆணைப்படி ஏழு வட்டங்களில் 1986இல் சிறப்புத் தேர்தல் நடந்து, மன்றம் 25க்கு 25 ஆகி, சமநிலையை முறிக்கும் வாக்கு மேயரிடம் வந்த பிறகே இழுபறி தீர்ந்தது.

அந்த ஆண்டுகளின் வாக்குகளைக் கணினியில் இட்டால் இரண்டு அணிகள் கத்தியால் வெட்டியதுபோல் தனித்தனியே நிற்கும். ஆனால் ஏறக்குறைய அனைவரும் ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அங்கே பிரிவினைக் கோடாக இருந்தது நிறமும் பதவிப் பகிர்வும். 'வலது' என்ற முத்திரையை அந்த 29 பேருக்கும் குத்தினால், தொழிற்சங்கத்தை ஆதரித்த பழைய கட்சி இயந்திரத்தின் ஆட்களையும் சேர்த்தே குத்துகிறோம்.

எதிர்வரிசை எழுதியது:

மன்னிக்கவும், இந்த விவாதம் போகும் போக்கில் உறுப்பினர்கள் அனைவரும் தப்பித்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. 'அந்த வாக்கு வழக்கமானது', 'இந்த வாக்கு நிர்ப்பந்தத்தால் போட்டது' என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவது அவர் மேடையில் பேசியது மட்டும்தான். அதைவிட நம்பத்தகாத ஆவணம் வேறில்லை. வரி உயர்ந்ததா, பேருந்துத் தடம் நின்றதா என்பதைத் தீர்மானித்தது அவருடைய கை. அந்தக் கையை உயர்த்தும்போது அவர் உள்ளத்தில் இடது இருந்ததா வலது இருந்ததா என்பது எனக்கு வேண்டாத ஆராய்ச்சி.

மேயருடன் ஒத்துப்போன விழுக்காட்டையும் இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். சிகாகோவையே எடுத்துக்கொண்டதால் கேட்கிறேன்: அங்குள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டிக் சிம்ப்சன், தாமே 1970களில் அந்த மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர், பல பத்தாண்டுகளாக அந்த ஒரு கணக்கை வைத்துத்தானே அது 'ரப்பர் ஸ்டாம்ப்' மன்றம் என்று அறிக்கைமேல் அறிக்கையாகக் காட்டினார்? மேயர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் மன்றம் என்பது ஓர் அரசியல் உண்மை. அதற்கு இடது, வலது என்ற பெயர் தேவையில்லை.

எண்கணிதன் எழுதியது:

சிம்ப்சனின் அறிக்கைகள் பிளவுபட்ட வாக்குகளை மட்டுமே எடுத்துக்கொள்பவை என்பதைக் கவனியுங்கள். எழுத்தர் கேட்ட சல்லடை அங்கே முன்பே போடப்பட்டிருக்கிறது. மேலும், அவை மேயருக்கு மன்றம் எவ்வளவு பணிகிறது என்பதை அளப்பவை. பணிவை அளந்து அதற்குச் 'சாய்வு' என்று பெயரிடுவதைத்தான் நான் மறுக்கிறேன். மேயர் மாறியதும் ஓர் உறுப்பினரின் 'கொள்கை' ஒரே மாதத்தில் எதிர்ப்பக்கம் போனால், நாம் அளந்தது கொள்கை அன்று என்பது வெளிப்பட்டுவிடும். நகர்வாசியின் உறுப்பினர் இரண்டு மேயர்களின் கீழ் பணியாற்றியிருந்தால், ஒரே வகைத் தீர்மானத்துக்கு இருவர் காலத்திலும் எப்படி வாக்களித்தார் என்று ஒப்பிடுவதுதான் எனக்குத் தெரிந்தவரை கிடைக்கக்கூடிய மிக நல்ல சோதனை.

நகர்வாசி எழுதியது:

ஒரே மேயரின் கீழ்தான் இருந்திருக்கிறார். அந்தச் சோதனைக்கு வழியில்லை.

குடியிருப்பு வாக்கைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. அட்டவணையை மறுபடியும் வட்டவாரியாகப் பிரித்தபோது, பிற வட்டங்களில் வந்த ஏறக்குறைய எல்லாக் குடியிருப்புத் திட்டங்களையும் அவர் ஆதரித்திருப்பது தெரிந்தது. எதிர்த்தது தம் வட்டத்துக்குள் வந்தவற்றை மட்டுமே. அவரைப் 'புதிய வீடுகளுக்கு எதிரானவர்' என்று எழுதிய குழு அந்த ஒரு வட்டத்தை மட்டும் பார்த்திருக்கிறது.

பழைய எழுத்தர் எழுதியது:

தாங்கள் கண்டுபிடித்தது பல நகரங்களில் எழுதப்படாத சட்டமாகவே இருக்கும் ஒரு வழக்கம். நிலப் பயன்பாடு தொடர்பான ஒரு விண்ணப்பம் எந்த வட்டத்தைச் சேர்ந்ததோ, அந்த வட்டத்து உறுப்பினரின் விருப்பப்படியே மற்றவர்கள் வாக்களிப்பார்கள். நாளை தம் வட்டத்து விண்ணப்பம் வரும்போது அதே மரியாதையை எதிர்பார்ப்பார்கள். சிகாகோவில் இது உறுப்பினரின் தனியுரிமை என்றே பேசப்படும் அளவுக்கு ஊறிப்போனது. நியூயார்க்கிலும் நெடுங்காலமாக வலுவாக இருந்திருக்கிறது. எனவே, பிற வட்டங்களின் திட்டங்களுக்குத் தங்கள் உறுப்பினர் அளித்த 'ஆம்' என்பது சக உறுப்பினருக்குக் கொடுத்த 'ஆம்'. வீடுகளைப் பற்றிய அவருடைய சொந்தக் கருத்து தெரிய வேண்டுமென்றால், நகரம் முழுவதற்கும் பொருந்தும் விதிகளின்மீது, அதாவது குறைந்தபட்ச வாகன நிறுத்த இடம், ஒரு மனையில் எத்தனை வீடுகள் கட்டலாம் என்பன போன்றவற்றின்மீது, அவர் எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். அங்கே சக உறுப்பினருக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

வான்கூவரைப் போல வட்டங்களே இல்லாமல், உறுப்பினர்கள் அனைவரையும் முழு நகரமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் இடங்களில் இந்தச் சிக்கல் எழாது. அங்கே குடியிருப்பு வாக்குகளை இன்னும் நேராக வாசிக்கலாம்.

வீடு கட்டும் விவகாரத்தைச் சாய்வின் அடையாளமாகக் கொள்வதில் எனக்கு வேறு தயக்கமும் உண்டு. வாடகை ஏறி ஏழைகள் வெளியேற்றப்படுவார்கள் என்று சொல்லி இடதுசாரி ஒருவர் எதிர்ப்பார். எங்கள் தெருவின் தன்மை கெடும் என்று சொல்லி வலதுசாரி ஒருவர் எதிர்ப்பார். பதிவேட்டில் இரண்டும் 'இல்லை' என்றே விழும். இங்கிலாந்தில் கட்டட அனுமதிக் குழுவில் அமர்வோர் திட்டமிடல் காரணங்களை மட்டுமே எடை போட வேண்டும், கட்சிக் கொறடாவின் ஆணைக்கு அங்கே இடமில்லை என்பது ஏற்கப்பட்ட நெறி. அந்தக் குழுவின் வாக்குகளைச் சாய்வுக் கணக்கில் சேர்ப்பவர்கள், நீதிபதியின் தீர்ப்பை எண்ணி அவரது கட்சியைத் தேடுபவர்கள்.

தெற்கு வரிசை எழுதியது:

இதுவரை கட்சி பெயரளவில் இல்லாத மன்றங்களைப் பற்றியே பேசினீர்கள். கட்சிச் சின்னத்தில் நின்று வென்றவர்களின் நிலை வேறு. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடை, அதாவது அரசமைப்பின் பத்தாம் அட்டவணை, நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் மட்டுமே உரியது. நகராட்சிகளை அது தொடவில்லை. அந்த இடைவெளியைச் சில மாநிலங்கள் தனிச் சட்டத்தால் நிரப்பியிருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் 1986ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கானவை. கேரளத்தில் தலைவர் தேர்தல், நம்பிக்கையில்லாத் தீர்மானம் போன்றவற்றில் கட்சியின் எழுத்துப்பூர்வ ஆணையை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ பதவியே போய்விடக்கூடும்; அதை முடிவு செய்வது மாநிலத் தேர்தல் ஆணையம். பதவியைப் பணயம் வைத்துப் போடும் வாக்கிலிருந்து ஒருவரின் சொந்தச் சாய்வைத் தேடுவது வீண்வேலை. ஆணையை மீறிய வாக்கு ஒன்று இருந்தால் அது மட்டும் அவரைப் பற்றி ஏதோ சொல்லும்.

இதற்கு நேர்மாறான கோடியில் சண்டிகர் இருந்தது. 2024 ஜனவரியில் நடந்த மேயர் தேர்தலில் எட்டு வாக்குச்சீட்டுகளைத் தேர்தல் நடத்தும் அலுவலரே சிதைத்துச் செல்லாததாக்கியதும், உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 20 அன்று முடிவை மாற்றி ஆம் ஆத்மி கட்சியின் குல்தீப் குமாரை வெற்றி பெற்றவராக அறிவித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். நம் பொருளுக்கு நெருக்கமானது அடுத்த ஆண்டின் தேர்தல். ஆம் ஆத்மி, காங்கிரஸ் கூட்டணியிடம் இருபது வாக்குகள் இருந்தும், 2025 ஜனவரியில் பா.ஜ.க. வேட்பாளர் 19க்கு 17 என்று வென்றார். மூவர் அணி மாறினர். ரகசிய வாக்கெடுப்பு என்பதால் எந்த மூவர் என்பது பதிவில் இல்லை. மன்றத்தின் ஆண்டு முழுவதற்குமான அரசியலைத் தீர்மானித்த வாக்கு அதுவாக இருந்தும், எந்த அட்டவணையிலும் அதைத் தனிப்பெயருக்கு நேரே எழுத முடியாது.

எதிர்வரிசை எழுதியது:

தெற்கு வரிசை சொன்னது என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. பதிவு இல்லாத இடத்தில் அரசியல் எவ்வளவு இருட்டாகிறது என்று பாருங்கள். இருப்பதைச் சந்தேகித்துக்கொண்டே இருப்பதைவிட, இல்லாததைப் பதியச் சொல்லிக் கேட்பது மேல்.

ஆனாலும் ஒரு கேள்வி. வரவு செலவுத் திட்டத்துக்கு என்ன விலக்கு சொல்வீர்கள்? பணம் எங்கே போக வேண்டும் என்பதில் போடும் வாக்கு சாய்வைக் காட்டாவிட்டால் வேறு எது காட்டும்?

எண்கணிதன் எழுதியது:

விலக்குச் சொல்லவில்லை, இடத்தை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்கிறேன். முழுத் திட்டத்தின் மீதான இறுதி வாக்கு பெரும்பாலும் ஆளும் அணிக்கு அளிக்கும் நம்பிக்கை வாக்கு. அதற்கு முன்னால் வந்த திருத்தங்களில்தான் செய்தி இருக்கிறது. நூலக நேரத்தை நீட்டிக்க ஒரு தொகையைக் கேட்டவர், அந்தத் தொகையை எந்தக் கணக்கிலிருந்து எடுக்கச் சொன்னார் என்பதைப் பாருங்கள். வரியை உயர்த்தச் சொன்னாரா, சேமநிதியில் கை வைத்தாரா, காவல்துறை ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொன்னாரா? நூலகம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இறுதி வாக்கே இல்லாத நிலையும் உண்டு. டொராண்டோ மன்றம் வாக்குப் பதிவைத் தரவிறக்கும் வடிவிலேயே வெளியிடுவதில் முன்மாதிரி. ஆனால் ஒண்டாரியோ மாகாணம் 2022இல் கொண்டுவந்த வலுவான மேயர் சட்டத்தின்படி, திட்டத்தை முன்வைப்பவர் மேயர். மன்றம் குறித்த காலத்துக்குள் திருத்தலாம். திருத்தத்தை மேயர் வீட்டோ செய்யலாம். அதை முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அந்தக் கெடுக்கள் கழிந்ததும் திட்டம் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். முழுத் திட்டத்துக்கும் 'ஆம்', 'இல்லை' என்று யாரும் கை உயர்த்த வேண்டியதே இல்லை. பல நூறு கோடி டாலர் செலவுத் திட்டத்தைப் பற்றி ஓர் உறுப்பினர் என்ன நினைத்தார் என்பதற்குத் திருத்தங்களைத் தவிர வேறு தடயம் கிடையாது.

பழைய எழுத்தர் எழுதியது:

திருத்தங்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, குழுவுக்குத் திருப்பி அனுப்பும் தீர்மானம். ஒரு பொருளைக் கொல்ல விரும்புபவர் அதை எதிர்த்து வாக்களிப்பதைவிட, 'மேலும் ஆய்வு தேவை' என்று சொல்லி நிலைக்குழுவுக்கு அனுப்பச் சொல்வதே வழக்கம். திரும்பி வராத பொருள்களின் பட்டியலை எடுத்து, அவற்றை அனுப்பச் சொல்லி முன்மொழிந்தவர் யார், வழிமொழிந்தவர் யார் என்று பாருங்கள். பல உறுப்பினர்களின் உண்மையான 'இல்லை' அங்கேதான் கிடக்கிறது. மதிப்பெண் அட்டைகள் இந்த வாக்குகளை நடைமுறை வாக்குகள் என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றன. என் பார்வையில் இது அவற்றின் மிகப் பெரிய ஓட்டை.

மற்றொன்று, வாக்களிக்காமல் இருந்தமை. இதில் மூன்று வகையைப் பிரிக்க வேண்டும்: அவையில் இல்லாதவர், அவையில் இருந்தும் விலகியவர், சட்டத்தால் விலக்கப்பட்டவர். தமக்கு நிதி ஆதாயம் உள்ள பொருளில் உறுப்பினர் அதை அறிவித்துவிட்டு வெளியேறியாக வேண்டும்; அதைக் கோழைத்தனம் என்று எழுதுவது அநியாயம். இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டப்படி, உள்ளாட்சி வரியை இரண்டு மாதங்களுக்குமேல் பாக்கி வைத்திருக்கும் உறுப்பினர் அந்த வரியைப் பாதிக்கும் பொருள்களில் வாக்களிக்கவே கூடாது. அவர் வாக்களிக்காததைக் கொள்கை நடுநிலை என்று யாராவது எழுதினால் அந்த உறுப்பினர் தமக்குள் சிரித்துக்கொள்வார்.

இந்தியாவில் நியமன உறுப்பினர்களுக்கு நகராட்சிக் கூட்டங்களில் வாக்குரிமை இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அரசமைப்பின் 243ஆர் பிரிவே அப்படிச் சொல்கிறது. அவர்கள் பெயருக்கு நேரே உள்ள வெற்றிடத்துக்குப் பொருளே கிடையாது.

நகர்வாசி எழுதியது:

நீங்கள் அனைவரும் சொன்னபடி சலித்துப் பார்த்தேன். ஒருமனதானவற்றையும், பிற வட்டங்களின் நில விண்ணப்பங்களையும் நீக்கிவிட்டு, திருத்தங்களையும் குழுவுக்குத் திருப்பி அனுப்பிய தீர்மானங்களையும் உள்ளே கொண்டுவந்தேன். அட்டவணை மிகச் சிறியதாகிவிட்டது, ஆனால் படிக்கக்கூடியதாகிவிட்டது.

செலவைக் கூட்டும் திருத்தங்களை, அதற்கான பணம் வரியிலிருந்து வரும்போது அவர் ஏறக்குறைய எப்போதும் ஆதரிக்கிறார். காவல்துறைப் பணத்தை வேறிடத்துக்கு மாற்றச் சொன்ன திருத்தங்களை ஒவ்வொரு முறையும் எதிர்த்திருக்கிறார். வாகன நிறுத்த விதியைத் தளர்த்தும் பொருளை, நகரம் முழுவதற்கும் பொருந்தும் விதி அது, குழுவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி முன்மொழிந்தவரே அவர்தான். இன்றுவரை அது திரும்பி வரவில்லை. இரண்டு குழுக்களின் அட்டைகளிலும் அது இல்லை. வரியும் செலவும் பற்றிய அவரது போக்கும், நிலம் பற்றிய அவரது போக்கும் தனித்தனிப் பாதையில் செல்கின்றன. இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் 'நடைமுறைவாதி' கிடைக்கிறார்; பிரித்து வைத்தால், செலவில் தாராளமும் தற்போதைய வீட்டு உரிமையாளர்களின் நிலையைக் காப்பதில் உறுதியும் கொண்ட ஒருவர் கிடைக்கிறார். எங்கள் வட்டத்தின் வாக்காளர்களில் பெரும்பாலோர் யார் என்று பார்த்தால் இதில் வியப்பும் இல்லை.

எதிர்வரிசை எழுதியது:

அப்படியானால் தாங்கள் கண்டுபிடித்தது அவருடைய சாய்வா, வட்டத்தின் சாய்வா? வட்டத்துக்குத் தக்கபடி வாக்களிப்பவருக்குத் தனிச் சாய்வு இருக்கிறதென்று எதை வைத்துச் சொல்வது? என்னைக் கேட்டால் அந்த வேறுபாடே தேவையற்றது. எப்படி வாக்களித்தார் என்பது போதும்.

எண்கணிதன் எழுதியது:

தேவைதான், ஏனென்றால் வட்ட எல்லைகள் மாறும். டொராண்டோவில் 2018 தேர்தலுக்கு நடுவிலேயே 44 உறுப்பினர்களைக் கொண்டிருந்த மன்றத்தை மாகாண அரசு 25 உறுப்பினர்களாகக் குறைத்ததும், பழைய உறுப்பினர்கள் சிலர் ஒரே புதிய வட்டத்தில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்க நேர்ந்தது. வட்டம் மாறிய பிறகும் மாறாமல் நின்ற வாக்குகள் எவையோ அவற்றை உறுப்பினருடையவை என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

பழைய எழுத்தர் எழுதியது:

நகர்வாசி அவர்களுக்கு ஒன்று. வாகன நிறுத்த விதி எந்த நிலைக்குழுவுக்குப் போனதோ அந்தக் குழுவின் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். மன்றக் கூட்டத்தின் பதிவோடு அவை ஒரே கோப்பில் இருக்க மாட்டா. பல இடங்களில் தளத்தில் ஏற்றவும் மாட்டார்கள், எழுதிக் கேட்டால்தான் தருவார்கள். அந்தப் பொருள் குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஒரு முறையாவது இடம்பெற்றதா, இடம்பெறவில்லை என்றால் குழுத் தலைவர் யார் என்று பாருங்கள். தங்கள் உறுப்பினரே அந்தக் குழுவின் தலைவராக இருந்தால், தேர்தலுக்கு முன்பான வட்டக் கூட்டத்தில் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.